அரிக்கமேட்டில் நிற்கும் சுவரும் புதைந்த துறைமுகமும்: ஒரு தொல்லியல் களத்தைப் பார்வையிடும் முறை

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள அரிக்கமேடு, இந்திய-உரோமானிய வணிகத் தொடர்பை வெளிப்படுத்திய முதன்மைக் களங்களுள் ஒன்று. இங்கு வரும் பார்வையாளர் பெரும்பாலும் தரைக்கு மேல் நிற்கும் செங்கற்சுவர்களையே உரோமானியர் இல்லத்தின் எச்சமாகக் கருதிக்கொள்கின்றனர். அச்சுவர்கள் 18ஆம் நூற்றாண்டுக்குரியவை. பழந்துறைமுகத்தின் சான்றுகள் மண்ணுக்கடியிலும் அருங்காட்சியகங்களிலும் அகழாய்வு அறிக்கைகளிலும் உள்ளன. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதையும், ‘உரோமானியக் குடியிருப்பு’ என்னும் பழைய விளக்கம் எவ்வாறு மாற்றம் பெற்றது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரிக்கமேடு, பொதுக்கே, ஆம்போரா, ரௌலட்டட் மட்கலம், வீராம்பட்டினம், யவனர், மணி உருவாக்கம்.

முன்னுரை

தமிழ், வரலாறு, தொல்லியல் ஆகிய துறைகளின் மாணவர்கள் களப்பயணமாகச் செல்லும் இடங்களுள் அரிக்கமேடும் ஒன்று. பாடநூலில் ‘உரோமானிய வணிக நிலையம்’ என்று படித்துவிட்டு வரும் மாணவர், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த மேட்டையும் அதில் நிற்கும் சில சுவர்களையும் காண்கின்றார். படித்ததற்கும் கண்டதற்கும் இடையே ஒரு பாலம் தேவைப்படுகிறது. அப்பாலம் இல்லாதபோது கண்ணுக்குத் தெரியும் சுவரே உரோமானியச் சான்றாகிவிடுகிறது. இது ஒரு சிறு பிழையாகத் தோன்றலாம். ஆயினும், இப்பிழையால் 18ஆம் நூற்றாண்டு வரலாறு ஒன்று மறைகிறது. மண்ணுக்கடியில் உள்ள உள்ளூர் மக்களின் வரலாறும் மறைகிறது. எனவே, களத்தைப் பார்வையிடும் முறையை விளக்குவது கற்பித்தல் நோக்கிலும் ஆய்வு நோக்கிலும் தேவையாகிறது.

1. உரோமானிய ஊரக மாளிகை என்னும் எதிர்பார்ப்பு

உரோமானியச் சிதைவு என்றவுடன் பலர் மனத்தில் எழுவது ‘வில்லா’ எனப்படும் ஊரக மாளிகையின் தோற்றமாகும். சிசிலித் தீவில் பியாசா அர்மெரினா நகருக்கு அருகிலுள்ள வில்லா ரொமானா தெல் கசாலே அதன் பரந்த வண்ணக்கல் தரைகளுக்குப் புகழ்பெற்றது. பொம்பெயி நகர மதிலுக்கு வெளியே அமைந்த ‘மறைபொருள் மாளிகை’ அதன் சுவரோவியங்களுக்குப் பெயர்பெற்றது. இவற்றைப் பார்க்கச் செல்வோர் அறைகளுக்கிடையே நடக்கலாம். உணவுக்கூடம் எது, குளியலறை எது என்று அறியலாம்.

எனினும், வில்லா என்பது செல்வர் ஓய்வெடுக்கும் இல்லம் மட்டுமன்று. அது ஒரு வேளாண் பண்ணையின் மையம். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை குறித்து எழுதிய கொலுமெல்லா, வில்லாவை உரிமையாளர் வாழும் பகுதி, பண்ணையாள்களும் கால்நடைகளும் இருக்கும் பகுதி, விளைபொருளைச் சேமிக்கும் பகுதி என மூன்றாகப் பிரிக்கின்றார். திராட்சை பிழியப்பட்டு மது பெருந்தாழிகளில் நொதித்ததும் பின்னர் சாடிகளில் அடைக்கப்பட்டதும் இத்தகைய பண்ணைகளில்தாம். வெசூவியசு மலையடிவாரத்தில் பொசுக்கோரியாலே என்னுமிடத்தில் தரையில் பதிக்கப்பட்ட மதுத்தாழிகளுடன் கூடிய பண்ணை வீடு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது.

அரிக்கமேட்டில் இத்தகைய மாளிகை எதுவும் கண்டறியப்படவில்லை. ஆயினும், வில்லாவின் மூன்றாம் பகுதியில் தொடங்கிய பொருளியல் நடவடிக்கையின் மறுமுனை இங்கே உள்ளது. மேலைநாட்டுப் பண்ணைகளின் மதுவைச் சுமந்துவந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த கழுத்தும் பிடியும் அடியும் இம்மண்ணில் கிடைத்துள்ளன. ஆகவே, அரிக்கமேட்டில் தேட வேண்டியது உரோமானியரின் வீட்டை அன்று. அவ்வீட்டின் விளைபொருள் வந்திறங்கிய துறையை.

2. இடமும் பெயரும்

அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த காக்காயந்தோப்புப் பகுதியில், கடலை நோக்கிச் செல்லும் அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இம்மேடு அமைந்துள்ளது. செஞ்சியாறு எனவும் சங்கராபரணி எனவும் அழைக்கப்படும் ஆற்றின் கிளையே அரியாங்குப்பம் ஆறாகும். திறந்த கடலின் அலைத்தாக்கம் இன்றி மரக்கலங்கள் ஒதுங்குவதற்கு ஆற்று முகத்துவாரம் ஏற்ற இடமாக இருந்தது. இயற்கைத் துறைமுகங்கள் குறைவாக உள்ள சோழமண்டலக் கரையில், துறைகள் பல ஆற்றுமுகங்களை ஒட்டியே தோன்றியமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

பெயர்க்காரணம் குறித்து இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. ஆற்றுநீர் அரித்த மேடு என்பது ஒன்று. அருகன் மேடு என்பதே மருவியது என்பது மற்றொன்று. இவ்வட்டாரத்தில் வழிபடப்பட்ட அமர்ந்த நிலைச் சிலையொன்றைப் பற்றிய குறிப்புகள் இரண்டாம் விளக்கத்திற்குத் துணையாகக் காட்டப்படுகின்றன. முதல் விளக்கம் சொல்லாய்வில் எவ்வாறு மதிப்பிடப்பட்டாலும், ஆறு கரையை அரித்து வந்துள்ளது என்பது களத்தில் காணக்கூடிய உண்மையாகும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற்செலவு’ என்னும் நூல் கமரா, பொதுக்கே, சோபட்மா ஆகிய மூன்று துறைகளை இக்கரையில் வரிசைப்படுத்துகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமியும் பொதுக்கேயை வணிகத்துறை என்கின்றார். இப்பொதுக்கேயே அரிக்கமேடு என்பது அறிஞர் பலரும் ஏற்கும் கருத்தாகும். அகநானூற்றில் வேளிர்க்குரியதாகக் குறிக்கப்படும் வீரை என்னும் துறையை, அரிக்கமேட்டை ஒட்டியுள்ள வீராம்பட்டினத்தோடு இணைத்துக் காண்போரும் உளர். இவ்விணைப்பு பெயரொப்புமையை அடிப்படையாகக் கொண்டது; ஆதலால் கருதுகோள் என்ற அளவிலேயே கொள்ளத்தக்கது.

3. நிற்கும் சுவர் யாருடையது?

களத்திற்குச் செல்வோரின் பார்வையில் முதலில் படுவன இணையாக நிற்கும் செங்கற்சுவர்களும் தூண்களுமாகும். இவை ‘மிஷன் இல்லம்’ என அறியப்படும் கட்டடத்தின் எச்சங்கள். பாரிசு வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சார்ந்த பிஞோ தெ பெஹேன், தென்கிழக்காசியாவில் ஹா தியேன் அருகில் நடத்தி வந்த குருமடம் அங்கு நிலவிய போர்ச்சூழலால் இடம்பெயர நேர்ந்தது. 1770இல் அது புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. வியத்நாமிய-இலத்தீன் அகராதி ஒன்றை அவர் 1770களின் தொடக்கத்தில் தொகுத்ததும் புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்திலேயாகும். உரோமாபுரியின் எச்சம் என்று பிழையாகக் கருதப்படும் சுவர் உண்மையில் தென்கிழக்காசியாவோடு தொடர்புடைய ஒரு கல்விக்கூடத்தின் நினைவுச்சின்னமாகும்.

இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. இம்மேட்டிலிருந்து பழைய செங்கற்களை ஊரார் பெயர்த்தெடுத்து வந்தமையை 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் நிகழ்வை 1769இல் காண்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்த வானியலாளர் லெ ழான்தியும் ஆற்றங்கரையில் காணப்பட்ட பழஞ்செங்கற் கட்டுமானங்களைப் பதிவு செய்துள்ளார். அவருடைய பயண நூலின் முதல் தொகுதி 1779இல் வெளிவந்தது. இவ்வாறு பெயர்க்கப்பட்ட செங்கல் பிற்காலக் கட்டடங்களில் மீண்டும் இடம்பெறக்கூடும். எனவே, செங்கல் பழையது என்பதனால் சுவரும் பழையது என முடிவு செய்தல் ஆகாது. சுவரின் காலத்தை அது எழுந்து நிற்கும் மண்ணடுக்கும் அவ்வடுக்கில் கிடைக்கும் பொருள்களும் உறுதிசெய்ய வேண்டும்.

4. அகழாய்வுகளின் வரிசை

அரிக்கமேட்டின் சிறப்பை அறிவுலகிற்கு உணர்த்தியவர் புதுச்சேரியில் பேராசிரியராகப் பணியாற்றிய ழூவோ துப்ரேய் ஆவார். 1937ஆம் ஆண்டளவில் இங்குக் கிடைத்த மணிகள், பானையோடுகள் ஆகியவற்றுடன் உருவம் செதுக்கப்பட்ட மணிக்கல் ஒன்றும் அவர் கவனத்திற்கு வந்தது. அதிலுள்ள தலையுருவம் உரோமானியப் பேரரசர் அகஸ்டசுடையது என அவர் கருதினார். 1940களின் தொடக்கத்தில் ஃபோஷே, சுர்லோ ஆகியோர் முதற்கட்ட அகழ்வுகளை மேற்கொண்டனர்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு ஆம்போராவின் உடைந்த பகுதியைக் கண்டார். அதனைத் தொடர்ந்து பிரெஞ்சு ஆட்சிப்பகுதியாக இருந்த புதுச்சேரியில் 1945இல் அகழாய்வு நடத்தினார். அதன் அறிக்கை 1946இல் ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழின் இரண்டாம் எண்ணில் வெளியாயிற்று. 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் அகழ்ந்தார். பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இணைந்து ஆய்வு செய்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கே.வி. இராமன் பங்கேற்றார். இவ்வாய்வின் முடிவுகள் 1996இலும் 2004இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தன.

வீலரின் ஆய்வுக்கு இருந்த முதன்மை நோக்கம் காலக்கணிப்பாகும். தென்னிந்தியத் தொல்லியலில் அக்காலத்தில் உறுதியான ஆண்டுக்கணக்கு இல்லை. இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செம்மெருகு மட்கலங்கள் எக்காலத்தில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பிய ஆய்வுகளால் தெளிவாகியிருந்தது. அம்மட்கலத்தின் ஓடுகள் அரிக்கமேட்டில் எந்த மண்ணடுக்கில் கிடைக்கின்றனவோ, அவ்வடுக்கில் உடன்கிடைக்கும் உள்ளூர் மட்கலங்களுக்கும் காலம் வகுக்கலாம் என்பது அவர் கொண்ட முறை. 1947இல் கன்னட நாட்டின் பிரம்மகிரியில் அவர் நடத்திய ஆய்வு இக்காலக்கணிப்பை உள்நாட்டுக் களங்களுக்கு விரிவுபடுத்தியது. இவ்வகையில், தென்னிந்தியத் தொல்லியலின் காலவரிசைக்கு அரிக்கமேடு ஓர் அடிக்கல்லாக அமைந்தது.

5. மண்ணுக்குள் இருக்கும் கட்டடங்கள்

அகழ்ந்து ஆய்ந்தபின் குழிகளை மூடிவிடுவது களத்தைக் காக்கும் வழிகளுள் ஒன்று. எனவே, வீலரும் கசாலும் வெளிப்படுத்திய கட்டடங்களை இன்று செல்வோர் நேரில் காண இயலாது. அவற்றை வரைபடங்கள் வழியாகவே அறிய வேண்டும்.

அவ்வரைபடங்களில் குறிப்பிடத்தக்கவை இரண்டு. ஒன்று, ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள செங்கற்கட்டடம். இதனை வீலர் பண்டகசாலை எனக் கருதினார். மற்றொன்று, மதில் சூழ்ந்த முற்றங்களும் அவற்றிலுள்ள செங்கல் தொட்டிகளும் நீர்க்கால்களும். இவை மெல்லிய துணிகளுக்குச் சாயமேற்றும் தொட்டிகளாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நடத்திய அகழாய்விலும் சாயத்தொட்டி எனக் கருதப்படும் அமைப்பு வெளிப்பட்டது. உறைகிணறுகளும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன.

இங்குச் சான்றையும் விளக்கத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இருந்தது என்பது சான்று. அதில் சாயம் இருந்தது என்பது விளக்கம். நீண்ட கட்டடம் இருந்தது என்பது சான்று. அது பண்டகசாலை என்பது விளக்கம். பாடநூல்களில் இவ்விரண்டும் ஒன்றாகி, ‘உரோமானியர் இங்குப் பண்டகசாலையும் சாயப்பட்டறையும் அமைத்திருந்தனர்’ என ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. கட்டியவர் யார் என்பதைச் செங்கற்கள் தாமே கூறுவதில்லை.

6. மட்கலங்கள் கூறும் செய்தி

அரிக்கமேட்டு மட்கலங்களை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதல்வகை, ஐயத்திற்கிடமின்றி மேலைநாட்டிலிருந்து வந்தவை. ஆம்போராச் சாடிகள், அரெட்சோ வகைச் செம்மட்கலங்கள் ஆகியன இதில் அடங்கும். ஆம்போராக்களை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் கிரேக்கத்தின் கோஸ் தீவு வடிவத்தைச் சார்ந்த மதுச்சாடிகள் மிகுதி என்பதையும், எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றுக்குரிய சாடிகளும் உள்ளன என்பதையும் காட்டினார். சாடியின் களிமண்ணில் கலந்துள்ள கனிமங்கள் அது செய்யப்பட்ட நிலத்தைச் சுட்டும். எரிமலைக் கருமணல் கலந்த களிமண் வெசூவியசு சூழ்ந்த காம்பானியப் பகுதியை நினைவூட்டுவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இரண்டாம்வகை, முன்பு மேலைநாட்டினதாகக் கருதப்பட்டு இன்று இந்தியாவைச் சேர்ந்ததாக அறியப்படுவது. உட்புறத்தின் அடியில் சிறு புள்ளிக்கோடுகள் வட்டவட்டமாக அமைந்த ரௌலட்டட் தட்டே அது. வீலர் இதனை அரிக்கமேட்டு வகை 1 எனப் பெயரிட்டு, மத்தியதரைக்கடற் பகுதியோடு தொடர்புபடுத்தினார். பின்னர் நிகழ்ந்த கனிமவியல், வேதியியல் பகுப்பாய்வுகள் அது இந்தியக் களிமண்ணால் ஆனது என்பதை உணர்த்தின. இம்மட்கலம் அழகன்குளம், கொற்கை, காவிரிப்பூம்பட்டினம் ஆகிய இடங்களிலும், இலங்கையின் அனுராதபுரத்திலும், பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்துள்ளது. மேற்குத் தொடர்பின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட மட்கலம் வங்கக்கடல் வணிகத்தின் அடையாளமாக மாறியமை அரிக்கமேட்டு ஆய்வின் மிகப்பெரிய திருப்பம் எனலாம்.

மூன்றாம்வகை, உள்ளூர் மட்கலங்கள். கருப்பு-சிவப்பு மட்கலங்களும் அன்றாடச் சமையற்கலங்களும் அகழாய்வில் பெருமளவில் கிடைப்பவை. தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்ட பானையோடுகளும் இக்களத்தில் உள்ளன. மேலைநாட்டுச் சாடிகளின் எண்ணிக்கையை இவற்றோடு ஒப்பிடும்போதுதான் குடியிருப்பின் இயல்பு தெளிவாகிறது.

இவற்றோடு மணி உருவாக்கத்தையும் சேர்த்துக் காண வேண்டும். அரிய கற்களைத் துளையிட்டு மெருகேற்றிய தொழிலின் கழிவுகளும், உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்யப்பட்ட சிறுமணிகளும் இங்குக் கிடைத்துள்ளன. பீட்டர் பிரான்சிஸ் இம்மணித்தொழிலை விரிவாக ஆராய்ந்து, தென்கிழக்காசியாவில் பரவலாகக் காணப்படும் ஒருநிறக் கண்ணாடி மணிகளின் தொடக்ககால உற்பத்தி மையமாக அரிக்கமேட்டைக் கருதினார். முடிந்த மணி வணிகத்தால் எங்கும் செல்லும். உடைந்த மணியும் தொழிற்கழிவும் பட்டறை இருந்த இடத்திலேயே தங்கும். ஆதலால் கழிவே உற்பத்திக்கு வலிமையான சான்றாகிறது.

7. காலமும் யவனரும்

வீலர் இக்குடியிருப்பின் காலத்தைக் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதி முதல் ஏறத்தாழ கி.பி. 200 வரை என வரையறுத்தார். உரோமானிய வணிகம் வந்தபின் ஊர் தோன்றியது, அவ்வணிகம் தளர்ந்தபின் ஊரும் தளர்ந்தது என்பது இதன் உட்பொருள். விமலா பெக்லி 1983இல் வெளியிட்ட மறுஆய்வுக் கட்டுரையிலும் பின்னர் அவர் நடத்திய அகழாய்விலும் இவ்வரையறை தளர்ந்தது. மேலைநாட்டுப் பொருள்கள் வருவதற்கு முன்பே, குறைந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே, இங்கு மக்கள் வாழ்ந்தனர். பிற்காலத்திலும் களம் முற்றிலும் கைவிடப்படவில்லை. சோழர் காலத்துச் சான்றுகளும் சீனப் பீங்கான் ஓடுகளும் இதனை உணர்த்துகின்றன.

கடற்செலவு நூலின் குறிப்பும் இதனோடு பொருந்துகிறது. பொதுக்கே உள்ளிட்ட துறைகளைக் கூறுமிடத்தில், கரையை ஒட்டி லிமிரிகே எனப்படும் மேற்குக்கரை வரை செல்லும் உள்ளூர்க் கலங்களையும், மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் பெருங்கலங்களையும், கங்கைக்கும் பொன்னாட்டிற்கும் செல்லும் ‘கொலாந்தியா’ என்னும் மரக்கலங்களையும் அந்நூல் குறிக்கிறது. மேலைநாட்டுச் சரக்கு இக்கரையை அடைந்ததில் உள்ளூர் மரக்கலங்களுக்கும் உள்ளூர் மாலுமிகளுக்கும் பங்குண்டு என்பது இதனால் பெறப்படும். ஆம்போரா கிடைத்த இடமெல்லாம் உரோமானியர் குடியிருந்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை.

சங்க இலக்கியமும் யவனரை மறுக்கவில்லை. புறநானூற்றின் 56ஆம் பாடல் யவனர் கொணர்ந்த மதுவைச் சுட்டுகிறது. அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு பெயரும் யவனர் கலத்தைக் கூறுகிறது. ஆயின் இவ்விரு பாடல்களிலும் யவனர் தமிழகத்தின் துறைகளுக்கும் அரசவைகளுக்கும் பொருள் கொண்டுவருபவராகவே காட்சி தருகின்றனர். அரிக்கமேட்டில் யவனர் சிலர் தங்கியிருக்கக்கூடும். அத்தங்கல் ஒரு தமிழ்த் துறைமுகத்தின் ஒரு கூறு. துறைமுகமே அவர்கள் படைத்ததன்று.

8. களத்தைப் பார்வையிடும் முறை

மேற்கண்ட செய்திகளின் அடிப்படையில், மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பின்வரும் வரிசையைக் கைக்கொள்ளலாம்.

முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உள்ள அரிக்கமேட்டுப் பொருள்களைக் காண வேண்டும். ஆம்போராவின் கழுத்து, ரௌலட்டட் தட்டின் புள்ளிக்கோடு, மணிகள் ஆகியவற்றைக் கண்டறிந்தபின் களத்திற்குச் சென்றால், மண் வெறும் மண்ணாகத் தோன்றாது. அடுத்து, வீலரின் அறிக்கையிலுள்ள தள வரைபடத்தையும் மண்ணடுக்கு வரைபடத்தையும் கையில் கொண்டு செல்ல வேண்டும். களத்தில் முதலில் ஆற்றையும் அதன் வளைவையும் நோக்க வேண்டும். ஊர் இங்கு அமைந்ததற்கான காரணம் அதுவே. அதன்பின் மிஷன் இல்லச் சுவர்களை அவற்றுக்குரிய 18ஆம் நூற்றாண்டு வரலாற்றோடு விளக்க வேண்டும். இறுதியாக, மூடப்பட்ட அகழ்குழிகளின் இடங்களை வரைபடத்தின் துணையால் ஏறத்தாழக் குறித்துக் காட்டலாம்.

தரையில் கிடக்கும் ஓட்டையோ மணியையோ எடுத்துச் செல்லலாகாது என்பதை மாணவர்க்கு முன்கூட்டியே உணர்த்துதல் கடமையாகும். இது சட்டம் சார்ந்த செய்தி மட்டுமன்று. மண்ணடுக்கிலிருந்து பிரிந்த பொருள் தன் காலத்தை இழக்கிறது. ழூவோ துப்ரேய் கண்ட மணிக்கல் அழகுடையதாயினும், அது எந்த அடுக்கில் கிடந்தது என்பது பதிவாகாமையால் காலக்கணிப்புக்குத் துணைபுரியவில்லை. அப்பணியைச் செய்தவை அடுக்கோடு பதிவுசெய்யப்பட்ட சிறு ஓடுகளே.

முடிவுரை

அரிக்கமேட்டில் இன்று கண்ணுக்குத் தெரிவது 18ஆம் நூற்றாண்டுக் குருமடத்தின் எச்சம். மண்ணுக்குள் இருப்பது பல நூற்றாண்டுகள் இயங்கிய தமிழ்த் துறைமுகத்தின் எச்சம். உரோமானிய ஊரக மாளிகை இங்கு இல்லை. அத்தகைய பண்ணைகளில் விளைந்த மதுவின் சாடிகள் உள்ளன. ரௌலட்டட் மட்கலம் இந்தியாவைச் சேர்ந்தது எனத் தெளிந்தமையும், குடியிருப்பின் தொடக்கம் முன்தள்ளப்பட்டமையும் ‘உரோமானியக் குடியிருப்பு’ என்னும் விளக்கத்தை ‘மேலை, கீழைக் கடல்களை இணைத்த உள்ளூர்த் துறை’ என்னும் விளக்கமாக மாற்றியுள்ளன.

செங்கற்களைப் பெயர்த்தெடுத்தமையாலும் ஆற்றின் அரிப்பாலும் களம் ஏற்கெனவே பெரும் இழப்பைச் சந்தித்துள்ளது. ‘இந்தியாவில் பட்டுப்பாதைக் களங்கள்’ என்னும் தலைப்பில் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் அரிக்கமேடு இடம்பெற்றிருப்பது அதன் மதிப்பைக் காட்டுகிறது. எஞ்சியிருப்பதைக் காப்பதற்கு வேலியும் காவலும் வேண்டும். அவற்றோடு, எது சுவர், எது சான்று, எது விளக்கம் எனப் பிரித்தறியும் பயிற்சியைக் களத்திற்கு வரும் ஒவ்வொரு மாணவர்க்கும் அளிப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே ஆகும்.